நவீனங்களில் நரகம்: ஒரு வாசகனின் அபிப்பிராயம்

அண்மைக் காலமாக எமது மன்றத்து அன்பர்களிடையே ஒரு விவாதம் நடந்து வருகின்றது. ஆலய நூலக அலுமாரியில் எத்தகைய நூல்களை வைப்பது, எவற்றை விலக்குவது என்பதே அது. தேவதூதர், பசாசு, நரகம், திருச்சபை இரகசியம் என்ற பொருள்களில் எழுதப்பட்ட ஐரோப்பிய, அமெரிக்க நாவல்களை எங்கள் பிள்ளைகள் ஜேர்மன் மொழியிலும் பிரெஞ்சு மொழியிலும் விரும்பிப் படிக்கின்றனர். படித்துவிட்டு வந்து பெரியோரிடம் கேள்வி கேட்கின்றனர். இப்படியான நூல்கள் சமயப் பற்றைக் கெடுத்துவிடும், திருமுறைகளும் புராணங்களும் இருக்க இவை எதற்கு என்பது ஒரு சாராரின் கருத்து. அதே அன்பர்கள் வேறோர் ஆலோசனையும் கூறினர். கருட புராணத்திலே சொல்லப்பட்ட நரக தண்டனைகளைப் படமாக வரைந்து சமய வகுப்பில் மாட்டிவிட்டால், இந்த நாட்டின் தாராளமான பழக்கங்களிலிருந்து பிள்ளைகள் தாமாகவே விலகுவர் என்பது அது.

இவ்விரண்டு ஆலோசனைகளும் சமயத்தின் மீதுள்ள அக்கறையினால் எழுந்தவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் இரண்டையும் நான் ஏற்கவில்லை. நாவல்களை நெடுங்காலமாகப் படித்து வருபவன் என்ற முறையிலும், நோயாளரின் கட்டில் அருகே நிற்கும் தொழிலையுடையவன் என்ற முறையிலும் எனது அபிப்பிராயத்தை இங்கு எழுதுகின்றேன். அன்பர்கள் பொறுமையுடன் வாசிப்பார்களாக.

முதலில் ஒரு விடயத்தை ஞாபகப்படுத்த வேண்டும். பிற சமயக் கதைகள் எங்கள் வீட்டு வாசலுக்கு வருவது சுவிற்சர்லாந்துக்கு வந்த பின்னர் ஏற்பட்ட புதுமை அன்று. வீரமாமுனிவர் தேம்பாவணியை இயற்றியது 18 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில். வானவரும் நரகமும் அதிலே செந்தமிழ் பேசுகின்றனர். ஆங்கிலத்திலே ஜோன் பனியன் எழுதிய மோட்சப் பயணக் கதையைத் தழுவி, திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியத்தை 1894 இல் வெளியிட்டார். எங்கள் யாழ்ப்பாணத்தை எடுத்துக்கொண்டால், ஈழத்து நாவல் வரலாற்றை எழுதிய சில்லையூர் செல்வராசன், 1856 இல் வெளிவந்த காவலப்பன் கதை என்ற நூலைப் பற்றிக் குறிப்பிடுகிறார். அது ஹன்னா மோர் என்ற ஆங்கிலப் பெண்மணி எழுதிய சமயப் போதனைக் கதையின் மொழிபெயர்ப்பாகும். ஆகவே தமிழிலே வசனக் கதை நடை பழகத் தொடங்கிய காலத்திலேயே, பாவமும் தண்டனையும் அதன் பொருளாகிவிட்டன.

இதற்கு ஆறுமுக நாவலர் பெருமான் என்ன செய்தார்? பேர்சிவல் பாதிரியாருடன் அமர்ந்து வேதாகமத்தைத் தமிழாக்கும் பணியில் ஈடுபட்டவர் அவர். அந்த நூலை அவர் அறிந்த அளவுக்கு அக்காலத்துக் கிறிஸ்தவர் பலரும் அறிந்திருக்கமாட்டார்கள். பின்னர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலையை ஆரம்பித்தார். 1852 இல் பெரியபுராணத்தை வசனமாக அச்சிட்டார். படித்து அறிந்தார், அதன்பின் தமது நூலை எழுதினார். அலுமாரியைப் பூட்டுவது நாவலர் காட்டிய வழி அன்று.

நிற்க. இனி நாவல்களுக்கு வருவோம். நரகத்தைப் பற்றிய எந்த நாவலையும் மதிப்பிடுவதற்கு என்னிடம் ஓர் எளிய கேள்வி உண்டு. இந்தக் கதை யாரை நரகத்துக்கு அனுப்புகின்றது? எதற்காக அனுப்புகின்றது? இந்தக் கேள்வியைக் கேட்டால் கதாசிரியருடைய உள்ளம் வெளிப்பட்டுவிடும். படிக்கின்ற எமது உள்ளமும் வெளிப்பட்டுவிடும்.

எங்கள் இளைஞர்கள் அதிகம் பேசும் நூல் டான் பிரவுண் என்ற அமெரிக்கர் 2000 ஆம் ஆண்டிலே வெளியிட்ட தேவதூதரும் பசாசுகளும் என்ற பொருள்படும் நாவல். 2009 இல் திரைப்படமாகவும் வந்தது. அதன் கதை தொடங்குவது எங்கள் நாட்டிலேதான். ஜெனீவாவிலுள்ள சேர்ண் அணு ஆராய்ச்சி நிலையத்தில் குருவானவராகவும் விஞ்ஞானியாகவும் இருந்த ஒருவர் கொலை செய்யப்படுகின்றார். அங்கிருந்து திருடப்பட்ட எதிர்ப்பொருள் வத்திக்கானுக்கு அடியிலே வெடிகுண்டாக மறைத்து வைக்கப்படுகின்றது. விஞ்ஞானத்துக்கும் சமயத்துக்கும் தீராப் பகை என்பதே கதையின் அடித்தளம்.

கதை விறுவிறுப்பானது; ஓர் இரவிலே படித்து முடிக்கலாம். ஆனால் அதிலுள்ள தகவல்களை வேதவாக்காகக் கொள்ளலாகாது. சேர்ண் நிலையத்தார் இதற்கு விளக்கம் அளித்திருக்கின்றனர். அங்கே இதுவரை உண்டாக்கப்பட்ட எதிர்ப்பொருள் முழுவதையும் ஒன்றுசேர்த்து அழித்தாலும், அதனால் வரும் சக்தி ஒரு மின்குமிழைச் சில நிமிடங்கள் எரிக்கவே போதுமாம். கதையிலே கலிலியோ காலத்திலிருந்து தொடர்வதாகக் காட்டப்படும் இரகசியச் சங்கம், உண்மையில் பவேரியாவில் 1776 இல் ஆரம்பிக்கப்பட்டது. கலிலியோ விசாரிக்கப்பட்டதோ 1633 இல்.

இந்த நாவலை விட எங்களுக்கு முக்கியமான செய்தி ஒன்று அதே நிலையத்தில் இருக்கின்றது. 2004 ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் அன்பளிப்பாக வழங்கிய இரண்டு மீற்றர் உயரமான நடராசர் திருவுருவம் அந்த வளவிலே நிற்கின்றது. அணுவின் அசைவையும் ஆண்டவன் ஆடலையும் ஒப்பிட்டுப் பார்த்து மகிழ்ந்த விஞ்ஞானிகள் உண்டு. ஆனால் வேறு சிலர் அந்தத் திருவுருவத்தைப் பார்த்து, நரகத்தின் கதவைத் திறப்பதற்கு வைத்த அழிவுத் தெய்வம் என்று கதை கட்டினர். 2016 இல் அங்கு நுழைவு அனுமதி உள்ள சிலர் இரவிலே முக்காடிட்டு நின்று, திருவுருவத்தின் முன் ஒரு பெண்ணைப் பலியிடுவதுபோல் நடித்து எடுத்த காணொளி உலகெங்கும் பரவியது. நிலையத்தார் அது அனுமதியில்லாத கேலிக்கூத்து என்று கூறி விசாரணை செய்ய நேர்ந்தது.

இந்தச் செய்தியை எங்கள் பிள்ளைகள் பாடசாலையிலே சக மாணவரிடமிருந்து கேட்கின்றனர். உங்கள் கடவுள் நரகத்தின் வாயில்காவலரா என்ற கேள்விக்கு அவர்கள் என்ன பதில் சொல்வது? நாவலைப் படிக்காதே என்று தடுத்துவிட்டால் இதற்குப் பதில் கிடைத்துவிடுமா? நடராசர் திருவடியின் கீழே கிடக்கும் முயலகன் யார் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால், அது தலைநிமிர்ந்து பதில் சொல்லும். முயலகன் அறியாமையின் வடிவம். இறைவன் அவனைக் கொல்லவில்லை. நரகத்துக்கு அனுப்பவும் இல்லை. எழும்பாதபடி திருவடியால் ஊன்றி வைத்திருக்கிறார். திருவடி தன்மேல் படும் பேறு அவனுக்கும் கிடைத்திருக்கிறது!

அதே ஆசிரியர் 2013 இல் இன்பேர்னோ என்ற நாவலை வெளியிட்டார். நரகம் என்பதுதான் அதன் பொருள். சனத்தொகை பெருகி உலகம் நரகமாகப் போகின்றது என்று அஞ்சும் ஒரு மரபணு விஞ்ஞானி, மனிதரில் மூன்றிலொரு பங்கினரை மலடாக்கும் கிருமியை உருவாக்குகிறான். அவனைத் தடுக்க முயலும் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமையகமும் ஜெனீவாவிலேயே இருக்கின்றது. திரைப்படத்திலே கிருமி தடுக்கப்படுகின்றது. நூலிலோ அது முன்னரே பரவிவிடுகின்றது. ஒரு வைத்தியன் என்ற முறையில் எனக்கு இதிலே கடுமையான ஆட்சேபம் உண்டு. சனத்தொகை வளர்ச்சி குறைவதற்குக் கிருமி தேவைப்படவில்லை. பெண்கள் படித்தார்கள், குழந்தை மரணங்கள் குறைந்தன, குடும்பங்கள் தாமாகவே சிறுத்தன. தமிழ்நாட்டிலும் சுவிற்சர்லாந்திலும் இன்று ஒரு பெண்ணுக்குச் சராசரி இரண்டு பிள்ளைகள்கூட இல்லை. கோடிக்கணக்கான மக்களை அவர்களுக்குத் தெரியாமலே தண்டிக்கும் ஒருவனுக்கு வாசகர் அனுதாபம் காட்டும்படி கதை பின்னப்பட்டிருக்கிறது. யாரை நரகத்துக்கு அனுப்புகிறாய் என்ற என் கேள்விக்கு, இன்னும் பிறவாத ஏழையின் பிள்ளையை என்று இந்த நாவல் பதில் சொல்கிறது.

இந்த நாவலுக்கு மூலமாக நிற்பவர் இத்தாலியக் கவிஞர் தாந்தே. தமது ஊராகிய புளோரன்சிலிருந்து 1302 இல் நாடுகடத்தப்பட்டு, திரும்பாமலே 1321 இல் இறவென்னாவில் காலமானவர். ஊரை இழந்தவரின் வேதனை எங்களுக்குப் புரியாததன்று. ஒன்பது வட்டங்கள் கொண்ட நரகத்தை அவர் பாடினார். அதிலே தமது அரசியல் எதிரிகளைப் போட்டார், பாப்பரசர்களையும் போட்டார். எனது தொழிலின் முன்னோர்களான இப்போகிறாத்தீசு, கலென், இபுனுசீனா ஆகிய மூவரையும் நரகத்தின் முதல் வட்டத்தில் அமர்த்தினார். அங்கே வதை இல்லை. ஆனால் ஞானஸ்நானம் பெறாதவர்களாகையால் கரையேறும் நம்பிக்கையும் இல்லை. அந்தக் கணக்குப்படி எங்களில் நல்லவர்களுக்கும் அங்கேதான் இடம். நல்ல வைத்தியர்கள் பக்கத்தில் இருப்பார்கள் என்பது ஓர் ஆறுதல்!

ஆனால் தாந்தே பெருங்கவி. தமது காவியத்தின் மூன்றாம் பாகத்திலே, மோட்சத்தில் நின்றுகொண்டு, அவரே ஒரு கேள்வியை எழுப்புகிறார். சிந்து நதிக்கரையில் ஒருவன் பிறக்கிறான். கிறிஸ்துவைப் பற்றிச் சொல்ல அங்கு எவரும் இல்லை. அவனுடைய எண்ணமும் செயலும் நல்லவை. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த அவனைத் தண்டிப்பது எந்த நீதி? அவருக்குக் கிடைத்த பதில் முழுத் திருப்தி தருவதன்று. கடவுளின் நீதியை அளக்க மனிதன் யார் என்பதே அது. ஆயினும் கிறிஸ்துவே, கிறிஸ்துவே என்று கூவுவோரில் பலர், அவரை அறியாதவனை விட அவருக்குத் தூரத்திலேயே நிற்பார்கள் என்ற எச்சரிக்கையும் சேர்ந்து வருகின்றது. 700 ஆண்டுகளுக்கு முன்னர், இந்தியாவைக் கண்ணாலும் காணாத ஒருவர், எங்கள் முன்னோருக்காக இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். இது எங்கள் பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தியல்லவா?

எங்கள் அயலிலுள்ள ஒரு நூலையும் சொல்ல வேண்டும். எமென்தால் பகுதியிலுள்ள லுற்செல்புளூ கிராமத்தில் பாதிரியாராக இருந்து, யெரெமியாஸ் கொட்கெல்ப் என்ற புனைபெயரில் எழுதியவர் 1842 இல் வெளியிட்ட கறுப்புச் சிலந்தி என்ற கதை அது. இந்த நாட்டுப் பாடசாலைகளில் பலர் படித்திருக்கக்கூடியது. கொடுங்கோலனான ஒரு பிரபு, நூறு மரங்களை வேரோடு கொணர்ந்து நடும்படி குடியானவர்களை வருத்துகிறான். பச்சை உடையணிந்த வேட்டைக்காரனாகப் பசாசு வந்து, ஞானஸ்நானம் பெறாத ஒரு குழந்தையைத் தந்தால் உதவுவேன் என்கிறது. துணிந்து பேரம் பேசுபவள் கிறிஸ்தினே என்ற பெண். பசாசு முத்தமிட்ட அவளுடைய கன்னத்திலே சிலந்தி உண்டாகி, ஊரெங்கும் கொள்ளைநோய்போல் பரவிக் கொல்லுகின்றது. இறுதியில் ஒரு தாய் தன் கையாலே அதைப் பிடித்து மரத்தூணின் துளையில் அடைத்துவிட்டு உயிர்விடுகிறாள்.

என் கேள்வியை இங்கும் கேட்டுப் பாருங்கள். ஊரார் அனைவரும் மௌனமாக அந்தப் பேரத்துக்கு உடன்பட்டவர்கள். அதனால் வந்த பயனையும் அனுபவித்தவர்கள். ஆனால் பழி விழுந்தது கிறிஸ்தினே மேல். அவள் லிண்டாவ் என்ற ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த வெளியூர்க்காரி. நோய் வந்தால் அதைப் பாவத்தின் சம்பளம் என்பதும், அந்தப் பாவத்தை வந்தேறியின் தலையிலே கட்டுவதும் உலகமெங்கும் உள்ள வழக்கம். வந்தேறிகளாகிய நாங்கள் இந்தக் கதையைக் கவனமாகப் படிக்க வேண்டும். படித்துவிட்டு, எங்கள் கதைகளிலே நாங்கள் யார் தலையில் பழியைக் கட்டுகிறோம் என்றும் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் எங்கள் சமயம் நரகத்தைப் பற்றி என்ன சொல்கிறது? நரகம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பாகவதத்தின் ஐந்தாம் கந்தம் இருபத்தெட்டு நரகங்களைப் பெயர்சொல்லிக் கூறுகிறது. கருட புராணமும் விரித்துரைக்கிறது. எங்கள் பிள்ளைகளோ கும்பிபாகம், அந்தகூபம், கிருமிபோஜனம் என்பவற்றை 2005 இல் வந்த அந்நியன் திரைப்படத்தின் மூலம் அறிந்திருக்கின்றனர்! ஆனால் சைவ சித்தாந்தத்திலே சுவர்க்கமும் நரகமும் வினைப்பயனை அனுபவித்துக் கழிக்கும் இடங்கள், நிலையானவை அல்ல. இறைவனுடைய தண்டனையையும் பெரியோர் மறக்கருணை என்றனர். கட்டியைக் கீறும் சத்திரவைத்தியரின் கத்திக்கும், பகைவன் ஓங்கும் கத்திக்கும் உள்ள வேறுபாடு இதுவே. முடிவில்லாத நரகம் என்ற ஒன்று எங்கள் சித்தாந்தத்தில் இல்லை.

எங்கள் ஊர்க் கோயில்களில் ஆண்டுதோறும் படிக்கப்படும் கந்தபுராணத்தை எண்ணிப் பாருங்கள். அதிலே சூரபன்மனைக் காட்டிலும் பெரிய குற்றவாளி யார்? தேவரைச் சிறையிட்டவன், உலகை வருத்தியவன், கடைசிவரை வஞ்சனையாகப் போர் செய்தவன். அவனுக்கு முருகப்பெருமான் அளித்த தீர்ப்பு என்ன? மயிலாகவும் சேவலாகவும் ஆக்கித் தமக்கு வாகனமும் கொடியும் ஆக்கிக்கொண்டார். மில்டன் 1667 இல் வெளியிட்ட ஆங்கிலக் காவியத்திலே, கடவுளை எதிர்த்த தேவதூதன் நரகத்திலே தள்ளப்படுகிறான். அவனுக்கு மீட்சி இல்லை. எங்கள் கதையிலோ எதிர்த்தவனையே நாங்கள் கொடியேற்றத்திலன்று அண்ணாந்து பார்த்துக் கும்பிடுகிறோம். இதைவிடப் பெரிய செய்தி எந்த நாவலிலே இருக்கிறது?

மகாபாரதத்தின் இறுதியில் தருமர் தமது தம்பியரும் திரௌபதியும் நரகத்தில் வருந்தும் குரலைக் கேட்டு, அவர்கள் இல்லாத சுவர்க்கம் எனக்கு வேண்டாம் என்று அங்கேயே நின்றுவிடுகிறார். குருவின் ஆணையை மீறினால் நரகம் என்று தெரிந்தும், இராமானுசர் திருக்கோட்டியூர்க் கோபுரத்திலேறி மந்திரத்தை ஊருக்கெல்லாம் சொன்னார் என்பது வைணவர் போற்றும் வரலாறு. அருள் உண்டென்றால் நரகமும் ஒரு பொருட்டன்று என்ற கருத்தை மணிவாசகர் பாடியிருக்கிறார். எங்கள் அடியார்கள் நரகத்தைப் பிறரை மிரட்டும் பிரம்பாகப் பிடிக்கவில்லை. தாங்கள் அஞ்சாமையைக் காட்டும் இடமாகவே கொண்டனர்.

கிறிஸ்தவ அன்பர்களிடத்திலும் இந்தச் சிந்தனை இல்லாமல் இல்லை. லுற்சேர்னில் 1905 இல் பிறந்து 1988 இல் பாசலில் காலமான கத்தோலிக்க இறையியலாளர் கன்ஸ் ஊர்ஸ் பொன் பல்தாசார், எல்லா மனிதரும் கரையேறுவர் என்று நம்பிக்கை கொள்ள எமக்கு உரிமை உண்டு என்று எழுதினார். அதற்காக அவர் கண்டனங்களையும் ஏற்றார். பேர்ண் நகரப் பெருந்தேவாலயத்தின் தலைவாயிலில் இருநூறுக்கு மேற்பட்ட உருவங்களோடு இறுதித் தீர்ப்புக் காட்சி செதுக்கப்பட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். 1528 இல் அந்நகரிலே திருவுருவங்கள் உடைக்கப்பட்டபோது அது தப்பியது. அதே நகரில் 2014 டிசெம்பரில் திறக்கப்பட்ட சமயங்களின் இல்லத்தில் சைவ ஆலயமும் பள்ளிவாசலும் கிறிஸ்தவ வழிபாட்டிடமும் பௌத்தர் தியான மண்டபமும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. தேவாலய வாயிலுக்கும் இந்த இல்லத்துக்கும் இடையே ஐந்து நூற்றாண்டுத் தூரம் உண்டு. அந்தத் தூரத்தைக் கடந்து வந்த நாட்டிலே நாங்கள் நரகப் படத்தை மாட்டுவது பொருந்துமா?

இனி எனது தொழில் அனுபவத்தால் சொல்ல வேண்டியதைச் சொல்கின்றேன். இதுவே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

எங்கள் சமூகத்தின் முதற் தலைமுறை முதுமையடைந்துவிட்டது. எண்பதுகளில் இளைஞராக வந்தவர்களும், பின்னர் பிள்ளைகள் அழைத்து வந்த தாய் தகப்பன்மாரும் இங்கேயே நோய்வாய்ப்படுகின்றனர், இங்கேயே இறக்கின்றனர். அவர்களிற் சிலர் மரணத்தை விட நரகத்துக்கே அதிகம் அஞ்சுவதைக் காண்கின்றேன். கடல் கடந்த நாட்டில் செத்தால் கதி கிடைக்குமா? கீரிமலையில் அந்தியேட்டி செய்யாவிட்டால் ஆவி அலையுமா? மகன் வேலையால் முப்பத்தோராம் நாள் செய்யத் தவறினால் என்னாகும்? இவ்வாறான கேள்விகளை, மகனிடமும் குருக்களிடமும் கேட்கக் கூசி, வைத்தியரிடம் கேட்கின்றனர். புற்றுநோய் எலும்பிலே பரவிய நிலையிலும், இந்த வலியை இங்கே அனுபவித்துத் தீர்த்தால் அங்கே தண்டனை குறையும் என்று எண்ணி, மோர்பீன் மருந்தை வேண்டாமென்று பல்லைக் கடித்துக் கிடந்தவர்களும் உண்டு. வலியைத் தணிக்கும் மருந்து வினையைக் கூட்டும் என்று எந்த ஆகமம் சொல்கிறது?

பிறவியிலே குறைபாடுள்ள குழந்தையைப் பெற்ற தாயிடம், போன பிறப்பில் என்ன செய்தாயோ என்று கேட்பவர்கள் எங்களிடையே இன்னும் இருக்கிறார்கள். அந்தத் தாய் அதன்பின் கோயிலுக்கு வருவதைக் குறைத்துக்கொள்கிறாள். அவளுக்கு நரகம் எங்கே இருக்கிறது? யமலோகத்திலா, எங்கள் மண்டபத்திலா? கன்மம் என்ற கொள்கை என் செயலுக்கு நானே பொறுப்பு என்று என்னைத் திருத்துவதற்கு உரியது. அயலவரின் துன்பத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதற்கு உரியதன்று. பிள்ளைகளின் வகுப்பிலே எண்ணெய்க் கொப்பரைப் படத்தை இன்று மாட்டினால், அந்தப் பிள்ளைகள் ஐம்பது ஆண்டுகளின் பின் ஆஸ்பத்திரிக் கட்டிலிலே அதே கொப்பரையைக் காண்பார்கள். சிறு வயதிலே புகுந்த அச்சம் எளிதில் வெளியேறுவதில்லை.

இவ்விடத்திலே தமிழ் நவீனங்களின் பெருமையைக் கூறாமலிருக்க முடியாது. புதுமைப்பித்தன் 1943 இல் எழுதிய கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும் என்ற சிறுகதையைப் படியாதவர்கள் படிக்க வேண்டும். சென்னைத் தெருவிலே கடவுள் வழி கேட்டு வருகிறார். சித்த வைத்தியச் சஞ்சிகை நடத்தும் கந்தசாமிப் பிள்ளை அவருக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்து, வீட்டுக்கு அழைத்துச் சென்று, முடிவில் சஞ்சிகைக்கு ஆயுள் சந்தாவும் வாங்கிவிடுகிறார்! கடவுளைக் கேலி செய்கிறது என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். என் கேள்வியைக் கேட்டால், அந்தக் கதை எவரையும் நரகத்துக்கு அனுப்பவில்லை. தூரத்திலே நின்று வரம் கொடுப்பது எளிது, மனிதரோடு கூட வாழ்வதுதான் கடினம் என்பதைக் கடவுளே கண்டுகொள்கிறார். கந்தசாமிப் பிள்ளையின் சிறுமகளோ அவரைத் தாத்தா என்று உரிமையோடு இழுத்து விளையாடுகிறாள். அடியார் தோழமையாகப் பாடிய சமயத்திலே பிறந்தவர்களுக்கு இது நிந்தனையாகப் படலாமா?

பெருமாள்முருகனின் மாதொருபாகன் 2010 இல் வெளிவந்தது. பிள்ளையில்லாத காளி, பொன்னா தம்பதியரின் கதை. திருச்செங்கோட்டு அர்த்தநாரீசுவரர் தேர்த் திருவிழாவில் முற்காலத்தில் இருந்ததாகக் கூறப்படும் ஒரு வழக்கம் அதிலே வருவதால், 2014 டிசெம்பரில் நூல் எரிக்கப்பட்டது. எதிர்ப்பைத் தாங்காது, தமக்குள்ளிருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக 2015 சனவரியில் ஆசிரியர் அறிவித்தார். 2016 யூலை 5 ஆம் திகதி சென்னை உயர் நீதிமன்றம், பிடிக்காத நூலைப் படியாமல் விட்டுவிடலாம் என்றும், எழுத்தாளர் மீண்டும் எழுத வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. அந்தப் பக்தர்களின் மனம் நொந்தது உண்மை. அதை நான் இலேசாக எண்ணவில்லை. ஆனால் நூலை எரித்தவர்கள் பொன்னாவின் துன்பத்தைப் படித்தார்களா? மலடி என்ற சொல்லாலே ஓர் ஊரே ஒரு பெண்ணை உயிரோடு நரகத்தில் வைத்திருக்கிறது என்பதுதான் அந்த நாவல் சொல்லும் செய்தி. பிள்ளையில்லாத தம்பதியரில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் கணவனின் பக்கத்துக் காரணமும் இருக்கின்றது என்று வைத்தியம் சொல்கிறது. எங்கள் மங்கல வைபவங்களிலே பின்வரிசையில் ஒதுங்கி நிற்பவள் மட்டும் மனைவியாகவே இருக்கிறாள்.

நூலுக்கு நூலால் பதில் சொல்லாமல் வேறு வழியிலே இறங்கினால் அது எங்கே முடியும் என்பதையும் உலகம் கண்டுவிட்டது. சல்மான் ருஷ்டியின் 1988 ஆம் ஆண்டு நாவலுக்காக 1989 பெப்ரவரியில் மரண ஆணை பிறந்தது. 1991 இல் அதன் யப்பானிய மொழிபெயர்ப்பாளர் கொல்லப்பட்டார். 2022 ஓகஸ்டில் ஆசிரியர் மேடையிலே கத்திக்குத்துக்கு ஆளாகி ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். அந்த நூலைப் படித்து மனம் மாறியவர்களை விட, படிக்காமலே கோபித்தவர்கள் அதிகம்.

எல்லா நாவலும் நல்லது என்பது என் வாதமன்று. பொழுதுபோக்கு நூலுக்குப் பொழுதுபோக்கு நூலின் மதிப்பே கொடுக்க வேண்டும். கதையிலுள்ள தகவலைச் சரித்திரமென்று நம்பக்கூடாது. வயதுக்கு ஒவ்வாததைச் சிறு பிள்ளையிடம் கொடுக்கக்கூடாது. இவற்றைச் சொல்லிக் கொடுப்பதற்குப் பெரியவர்களும் அந்த நூல்களைப் படித்திருக்க வேண்டும். அதுவே எனது முறைப்பாடு.

இதற்கு வழியை நாங்கள் புதிதாகத் தேட வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் புராண படனம் நடக்கும்போது ஒருவர் பாட்டை வாசிப்பார், மற்றொருவர் பயன் சொல்லுவார், ஊரார் சுற்றியிருந்து கேட்பார்கள். சொற்பொருளிலே ஐயம் எழுந்தால் அவ்விடத்திலேயே தர்க்கமும் நடக்கும். அந்த முறையையே இங்கும் மாதம் ஒருமுறை வைத்துக்கொள்ளலாம். ஒரு மாதம் சூரபன்மன் வதைப் படலத்தைப் பெரியவர் ஒருவர் வாசித்துப் பயன் சொல்லட்டும். அடுத்த மாதம் கறுப்புச் சிலந்தியையோ டான் பிரவுணின் நாவலையோ எங்கள் பிள்ளைகளில் ஒருவர் எடுத்துத் தமிழிலே கதை சொல்லி, தமது அபிப்பிராயத்தைக் கூறட்டும். பெரியவர்கள் கேள்வி கேட்கட்டும். அலுமாரியில் இரண்டு வகை நூல்களும் பக்கம் பக்கமாக இருக்கட்டும். நரகப் படத்துக்கென ஒதுக்கிய பணத்திலே, நடக்க இயலாத முதியவர்களின் வீடுகளுக்கும் பராமரிப்பு இல்லங்களுக்கும் சென்று சிவபுராணம் ஓதிவரும் தொண்டர்களின் பயணச் செலவைக் கொடுக்கலாம். மரணப்படுக்கையில் இருப்பவரின் காதிலே கடைசியாக விழ வேண்டியது கொப்பரையின் கொதிப்பன்று, இறைவனின் திருநாமம்.

கடோபநிடதத்திலே நசிகேதன் என்ற சிறுவன் யமனுடைய வீட்டு வாசலிலே மூன்று இரவு காத்திருந்து, மரணத்துக்குப் பின் என்ன என்று கேட்கிறான். பொன்னையும் பொருளையும் தருகிறேன், அந்தக் கேள்வியை விட்டுவிடு என்று யமன் சொல்லியும் அவன் விடவில்லை. யமன் கோபிக்கவில்லை, அவனை நரகத்திலே தள்ளவும் இல்லை. இப்படிக் கேட்கும் பிள்ளை கிடைத்ததே என்று மகிழ்ந்து, குருவாக இருந்து உபதேசிக்கிறான். யமதருமனே பதில் சொன்ன இடத்தில், எங்கள் பிள்ளைகளின் கேள்விகளுக்கு நாங்கள் பதில் சொல்லத் தயங்கலாமா?

திருச்சிற்றம்பலம்.